இழுவை குன்றிய வண்டி

தமிழ் பயிலும் மாணவன் ஒருவன் டீசல் இஞ்சினைப் பற்றி எழுதப் புகுந்தது கண்டு நண்பர் சிலர் நகைக்கக்கூடும். எனினும், சென்ற கார்த்திகை மாதத்தில் என் சித்தப்பாவின் பழைய சரக்கு வண்டியோடு பத்து நாள் அலைந்து யான் கற்றது, அத்தகைய வண்டியை நம்பி வாழும் நம் மாவட்டத்துக் குடும்பங்கள் பலவற்றிற்குப் பயன்படும் என்றெண்ணி எழுதத் துணிந்தேன்.

சித்தப்பா, குலசேகரத்தை அடுத்த தோட்டங்களில் ஏத்தன் குலைகளை ஏற்றித் திருவட்டாறு, தக்கலை, வில்லுக்குறி வழியாக வடசேரி கனகமூலம் சந்தைக்கு விடியுமுன் கொண்டு சேர்ப்பவர். வண்டிக்கு வயது இருபதுக்கு மேலாயிற்று. மூன்றாம் கியரில் ஏறிவந்த மேடுகளை அது திடீரென முதல் கியரிலும் முனகிக்கொண்டே ஏறத் தலைப்பட்டது. பிந்தி வந்த குலைக்குச் சந்தையில் விலை ஏது? பணிமனை ஒன்றிற் காட்டியபோது, பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்துவிட்டன என்றும், இஞ்சினை இறக்கிப் போர் வேலை செய்தாலொழிய வேறு வழியில்லை என்றும் கூறினர். அவர்கள் சொன்ன தொகை, தங்கையின் கல்லூரிக் கட்டணத்திற்கென்று சித்தப்பா சீட்டுப் பிடித்து வைத்திருந்த பணத்திற்கு ஏறக்குறையச் சமமாயிருந்தது.

டீசல் இஞ்சின் எதனால் ஆற்றல் பெறுகிறது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். ருடால்ப் டீசல் என்பார் 1897-ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டு ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய இவ்வகை இஞ்சினில், பெட்ரோல் இஞ்சினில் உள்ளதுபோலத் தீப்பொறி பிறப்பிக்கும் கருவி இல்லை. உருளைக்குள் இழுக்கப்பட்ட காற்று ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக நெருக்கப்படுகின்றது. அந்நெருக்கத்தால் ஐந்நூறு டிகிரிக்கு மேற்பட்ட வெப்பம் உண்டாகின்றது. அவ்வெப்பத்தில் நாசில் வழியாக டீசல் பனித்துளியினும் நுண்ணிதாய்ப் பீய்ச்சப்பட, அது தானே பற்றிக்கொள்ளும். ஆகவே காற்று, டீசல், நெருக்கம் ஆகிய இம்மூன்றும் உரிய காலத்தில் கூடவேண்டும். ஒன்று குறையினும் இழுவை குறையும். காற்றை நாம் எளிதாக எண்ணுகிறோம். ஒரு கிலோ டீசல் முற்றும் எரிய 14½ கிலோ காற்று வேண்டும், அஃதாவது 12,000 லிட்டருக்கு மேல். செம்மண் சாலைத் தூசியால் அடைபட்ட ஏர் பில்டரோடு மேடேறும் வண்டி, மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுபவனை ஒக்கும்.

ஆயினும் இஞ்சினைக் குற்றம் சாட்டுமுன், அது தந்த ஆற்றல் வழியில் எங்கேனும் விழுங்கப்படுகிறதா என்று காண்பதே முறை. இதனை எங்களுக்கு உணர்த்தியவர், அரசுப் பேருந்துப் பணிமனையில் முன்னர் வேலை பார்த்த அயல்வீட்டு முதியவர் ஒருவர். சித்தப்பா அவரை அண்ணாச்சி என்றே அழைப்பார். வண்டியைச் சிறிது தூரம் ஓட்டி நிறுத்தச் சொல்லி, அவர் நான்கு சக்கரங்களின் அருகும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்த்தார். ஒன்று மட்டும் மிகச் சுடுமாயின் அதன் பிரேக்கு விடாமற் பிடிக்கிறது என்பது பொருள். இஞ்சின் மட்டும் இரைந்து, வண்டி விரையாதாயின் கிளச்சு வழுக்குகிறது. பின்னர், என்னை ஆக்ஸிலேட்டரை முழுதும் மிதிக்கச் செய்து, பம்பின் நெம்புகோல் கடைசிவரை செல்கிறதா என்று நோக்கினார். கம்பி தளர்ந்து அக்கோல் பாதியில் நின்றதனாலேயே இஞ்சின் இறக்கப்பட்ட வண்டிகளும் உண்டாம்!

ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றும் இவ்வகையில் ஒரு வஞ்சகன். ஆனி, ஆடியில் காவல்கிணற்றிலிருந்து நாகர்கோவிலை நோக்கி வரும் வண்டி மேல்காற்றை எதிர்த்து வருகிறது. உயரமாகச் சரக்கேற்றிய வண்டியானால் தளர்ச்சி நன்கு தெரியும். அது நோயன்று. திரும்பிச் செல்கையில் அதே வண்டி பறக்கும்.

எங்கள் வண்டியில் இவற்றுள் எதுவுமில்லை. ஏர் பில்டரும் புதியதே. இனி இஞ்சினைப் பார்ப்போம் என்றார் அண்ணாச்சி. கரும்புகை மிகுமாயின் காற்றுக் குறைவு அல்லது நாசிலின் பழுது. நீலப்புகை எழுமாயின் இஞ்சின் எண்ணெய் எரிகிறது. வெண்புகையாயின் டீசல் சரிவர எரியவில்லை, அல்லது குளிர்விக்கும் நீர் உள்ளே கசிகிறது. எங்கள் வண்டியோ மேட்டில் திணறும்போதும் புகையே விடவில்லை. உணவில்லாதவன் வீட்டு அடுப்புப்போல் அது தூய்மையாயிருந்தது.

"காலையில எத்தனை சுத்துல ஸ்டார்ட் ஆகுது?" என்று அவர் வினவினார்.

"அரைச் சுத்துலயே ஆயிரும் அண்ணாச்சி. பத்து நிமிசம் நல்லா இழுக்கும். அப்புறம்தான் சாவுது. ஓரமா நிறுத்தி, ஒரு சாயா குடிச்சிட்டு எடுத்தா மறுபடி இழுக்கும்."

அம்மறுமொழியிலேயே விடை இருந்தது. அவர் என் பக்கம் திரும்பி, "மக்கா, தேஞ்ச ரிங்கு சாயா குடிச்சா வளராது, பாத்துக்கோ" என்றார். ரிங்கு தேய்ந்து நெருக்கம் குறைந்திருப்பின், குளிர்ந்த காலையில் இஞ்சின் எளிதிற் புறப்படாது; எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென வெளிப்படும்; தளர்ச்சியும் எந்நேரமும் இருக்கும். சிறிது ஓய்வில் நீங்கி மீண்டும் வரும் தளர்ச்சி, பெரும்பாலும் டீசல் வரும் வழியில் உள்ள தடையாலேயே உண்டாவது. சமநிலத்தில் சிறிதளவு டீசலே போதும். ஆதலின் நாஞ்சில் நாட்டு வயல்களினூடே செல்லும்போது இத்தடை தோன்றுவதில்லை. மேட்டில் மிகுதியாக வேண்டியபோதே குழாய் கையை விரிக்கும்.

டேங்கின் மூடியில் காற்றுப் புகும் நுண்துளை அடைபட்டாலும் இவ்வாறாகும் என்று, மூடியைத் தளர்த்திவிட்டு ஓட்டிப் பார்த்தோம், மாற்றமில்லை. அடுத்து, டேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டு, ஐந்து லிட்டர் கேன் ஒன்றைச் சைலன்ஸரின் சூடு படாத இடத்தில் உயரக் கட்டி, அதிலிருந்து புதிய குழாயொன்றைப் பம்பிற்கு இணைத்தோம். கைப்பம்பை அடித்துக் காற்றுக் குமிழிகளை நீக்கியபின், பாதிச் சரக்கோடு தக்கலைக்கு இப்பாலுள்ள மேடுகளில் ஓட்டினோம். வண்டி பழைய வண்டியாயிற்று! பம்பும், நாசிலும், ரிங்கும் குற்றமற்றவை என்பது ஒரே ஓட்டத்தில் விளங்கிற்று.

இங்கே ஓர் எச்சரிக்கை. பம்பிற்கும் நாசிலுக்கும் இடையிலுள்ள குழாய்களில் அழுத்தம் காற்றுமண்டல அழுத்தத்தைப்போல் நூறு மடங்குக்கு மேற்பட்டது. இஞ்சின் ஓடுகையில் அங்குள்ள கசிவைக் கையால் தடவிப் பார்த்தல் கூடாது. டீசல் தோலைத் துளைத்து உட்புகும். டேங்கின் பக்கத்துக் குழாயோ இதற்கு நேர்மாறு: அது உறிஞ்சும் குழாயாதலின், அதில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே ஒழுகாமல் காற்றே உட்புகும். ஆகவே ஈரமில்லை என்பதால் பழுதில்லை என்று கொள்ளலாகாது.

டேங்கை இறக்கிக் கவிழ்த்தபோது, அடியில் நீரும், கஞ்சியாடைபோன்ற கரிய வழுவழுப்பும் வெளிவந்தன. நம் மாவட்டம் இரு பருவமழையும் பெறுவது. பாதி காலியான டேங்கின் உள்ளே ஈரக்காற்று இரவில் குளிர்ந்து நீராகிப் படிகிறது; அந்நீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் பெருகி இவ்வழுவழுப்பை உண்டாக்குகின்றன. ஓடும்போது அது உறிஞ்சு குழாயின் சல்லடையிற் சென்று ஒட்டும். வண்டி நின்றதும் உறிஞ்சல் நீங்கி உதிரும். சாயாவின் மருத்துவம் இதுவே.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 வண்டிகளில் கணினி இத்தகைய குறைகள் பலவற்றைக் குறிப்பெண்ணாகக் காட்டிவிடுகிறது. பழைய வண்டிக்கோ கண்ணும் கையும் காதுமே கணினி.

டேங்கைக் கழுவி, டீசல் பில்டரை மாற்றியதற்கு ஆன செலவு ஒருநாள் வாடகைக்கும் குறைவு. இப்பொழுது சித்தப்பா மாலையிலேயே டேங்கை நிரப்பி வைக்கிறார். வாரம் ஒருமுறை பில்டரின் அடித்திருகைத் தளர்த்தி நீரை வடிக்கிறார். முதல் கியர் புறப்படும்போது மட்டுமே விழுகிறது.