பறக்கும் காமிராவோடு வெளிநாட்டுப் பயணமா? கொஞ்சம் நில்லுங்கள்!

எங்கள் கள்ளக்குறிச்சியில் இப்போதெல்லாம் கல்யாண மண்டபத்து வாசலில் நாதஸ்வரத்தோடு இன்னொரு சத்தமும் கேட்கிறது. தேனீக் கூட்டம் மாதிரி ‘ங்ஙொய்ய்’ என்று! நிமிர்ந்து பார்த்தால் மாப்பிள்ளை அழைப்புக்கு மேலே ட்ரோன். பொடிசுகளெல்லாம் மாப்பிள்ளையை விட்டுவிட்டு அதைத்தான் அண்ணாந்து பார்க்கின்றன. வீட்டுக்கு வந்ததும், “அம்மா, எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடேன்” என்ற பாட்டு ஆரம்பமாகிவிடும்.

எங்கள் வீட்டிலும் அந்தப் பாட்டு இரண்டு வருஷம் ஓடியது. வளைகுடா நாட்டில் வேலை பார்க்கும் என் தம்பி காதிலும் அது விழுந்தது. தாய்மாமன் இல்லையா, மனசு கேட்குமா? லீவில் வரும்போது, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்தில் ஒரு ட்ரோன் வாங்கி, பெட்டியில் துணிமணிக்கு நடுவே பத்திரமாக வைத்துக் கொண்டு வந்தான். விமான நிலையத்தில் சுங்க அதிகாரிகள் பெட்டியைத் திறந்தார்கள். ட்ரோன் அங்கேயே தங்கிவிட்டது. விடியற்காலையில் வீட்டுக்கு வந்த தம்பி, மருமகனிடம் கடை ரசீதை மட்டும் நீட்டினான். இரண்டு பேர் முகத்தையும் அன்றைக்கு என்னால் பார்க்க முடியவில்லை.

அதிகாரிகள் மேல் குறை சொல்ல வழியில்லை. 2022 பிப்ரவரி 9 முதல் வெளிநாட்டு ட்ரோன்களை நம் நாட்டுக்குள் கொண்டு வருவதற்குத் தடை இருக்கிறது. ஆராய்ச்சி, ராணுவம், பாதுகாப்பு ஆகிய காரியங்களுக்குத்தான் விலக்கு. அதற்கும் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். ‘பரிசுப் பொருள்தானே’ என்றால் எடுபடாது. உங்கள் வீட்டுக்காரரோ, அண்ணன் தம்பியோ வெளிநாட்டில் இருந்தால் இதை இன்றைக்கே போனில் சொல்லி வையுங்கள்.

மனசு ஆறாத தம்பி, நம் நாட்டிலேயே தயாரான சின்ன ட்ரோன் ஒன்றைப் பிறகு வாங்கிக் கொடுத்தான். எடை 250 கிராமுக்குள்தான்.

போன வருஷம் மகளின் பேறுகாலத்துக்காக நான் சிங்கப்பூர் போக வேண்டி வந்தது. பிளஸ் டூ பரீட்சை முடிந்த லீவு என்பதால் பையனும் கூட வந்தான். பிரசவ லேகியமும் கருப்பட்டியும் எப்படிக் கட்டுவது என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, அவன் சட்டைக்கு முன்னால் ட்ரோனைப் பெட்டியில் வைத்துவிட்டான். எனக்குத் தம்பியின் முகம் ஞாபகம் வந்தது. “முதல்ல உங்க மாமாகிட்ட கேளுடா” என்றேன். மருமகன் ஒரு நாள் அவகாசம் கேட்டு, விசாரித்துச் சொன்னார்.

சிங்கப்பூரில் 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைப் பதிவு செய்தாக வேண்டும். நம்முடையது அதற்குள் அடங்கிவிட்டது. பையன் துள்ளினான். ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. எடை எவ்வளவு குறைவாக இருந்தாலும், விமானத் தளத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள் அனுமதிச் சீட்டு இல்லாமல் பறக்கவிடக் கூடாது. மற்ற இடங்களில் 200 அடிக்கு மேலே போகக் கூடாது. தீவின் நீளமே ஏறக்குறைய 50 கிலோமீட்டர்தான். நம் கள்ளக்குறிச்சியிலிருந்து ஆத்தூர் போகிற தூரம். அதற்குள் சாங்கி, சிலேத்தார், பாய லேபார், தெங்கா, செம்பவாங் என்று ஐந்து விமானத் தளங்கள்! மகள் குடியிருக்கும் ஹவ்காங், பாய லேபார் தளத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மீறினால் முதல் தடவைக்கே 50,000 வெள்ளி வரை அபராதமோ, 2 வருஷம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

பையன் ஒன்றும் பேசவில்லை. ட்ரோனை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, சாவியை என் கையில் கொடுத்தான்.

ஒரு சின்னப் பொம்மைக்கு இத்தனை கெடுபிடியா என்று எனக்கும் தோன்றியது. 2018 டிசம்பரில் லண்டனுக்குப் பக்கத்திலுள்ள காட்விக் விமான நிலையத்தில், ட்ரோன் தென்பட்டதாகத் தகவல் வந்து ஓடுபாதையையே மூடினார்கள். ஆயிரம் விமானங்கள் வரை பாதிக்கப்பட்டன. 1,40,000 பயணிகள் கிறிஸ்துமஸ் சமயத்தில் அல்லாடினார்கள். கைக்குழந்தையோடு அந்தக் கூட்டத்தில் எத்தனை தாய்மார்கள் நின்றிருப்பார்கள்! அதை நினைத்தபோது சட்டத்தின் நியாயம் எனக்குப் புரிந்தது.

ஊருக்கு ஊர் ஒரு சட்டம்

மொராக்கோ, எகிப்து நாடுகளுக்குச் சுற்றுலா போகிறவர்கள் ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிடுவது நல்லது. முன் அனுமதி இல்லாவிட்டால் விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

அமெரிக்காவில் 250 கிராமோ அதற்கு மேலோ இருந்தால் 5 டாலர் கட்டிப் பதிவு செய்ய வேண்டும். பொழுதுபோக்குக்காகப் பறக்கவிடுகிற எல்லோரும் இலவசமாக நடத்தும் ஒரு சின்னப் பரீட்சையில் தேற வேண்டும். தேசியப் பூங்காக்களில் 2014 முதல் தடை.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில், காமிரா பொருத்திய ட்ரோன் என்றால் எடை குறைவானாலும் அதை இயக்குகிறவர் பதிவு செய்துகொள்ள வேண்டும். முதலில் போகும் நாட்டில் பதிந்தால் மற்ற நாடுகளுக்கும் அதுவே போதும். உயரம் 120 மீட்டருக்குள். பிரிட்டனில் 2026 ஜனவரி 1 முதல் 100 கிராம் ட்ரோனுக்கே பதிவு கேட்கிறார்கள்.

பெட்டி கட்டும்முன் கவனியுங்கள்

1. போகிற நாட்டின் விமானப் போக்குவரத்துத் துறையின் விதிகளைப் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பும், கிளம்புகிற வாரத்திலும் பாருங்கள். விதிகள் அடிக்கடி மாறுகின்றன.

2. தபால் தராசிலோ, சமையலறைத் தராசிலோ ட்ரோனைப் பாட்டரியோடு சேர்த்து நிறுத்துப் பாருங்கள். சட்டம் பெரும்பாலும் எடையைப் பொறுத்தது.

3. உதிரிப் பாட்டரிகளைச் சரக்குப் பெட்டியில் போடக் கூடாது. கைப்பையில்தான் வைக்க வேண்டும். ஒவ்வொன்றையும் தனித்தனிப் பையில் போட்டு, முனைகள் ஒன்றோடொன்று உரசாமல் டேப் ஒட்டுங்கள். 100 வாட்-மணி வரை பொதுவாகத் தடையில்லை. 2,200 மில்லி ஆம்பியர்-மணியை 7.4 வோல்ட்டால் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் 16.28 வாட்-மணி. இப்படித்தான் கணக்கு. ட்ரோனைக் கையில் கொண்டு வரலாமா என்று விமான நிறுவனத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

4. உப்பிய பாட்டரியைப் பிரயாணத்தில் எடுத்துப் போகவே வேண்டாம். வீட்டிலும், எல்லோரும் தூங்கும்போது சார்ஜில் போட்டு வைக்காதீர்கள்.

5. இங்கிருந்து கொண்டு போகும் ட்ரோனைக் கிளம்பும்போதே சுங்க அதிகாரியிடம் காட்டி, சான்று வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கிய ரசீதும் கூடவே இருக்கட்டும். திரும்பி வரும்போது, ‘வெளியூரில் வாங்கியதோ?’ என்ற சந்தேகத்துக்கு இடமிருக்காது.

6. எந்த ஊரிலும் குழந்தைகள் சுழலும் விசிறிக்குக் கிட்டே போக வேண்டாம். பிஞ்சு விரலைக் கிழித்துவிடும்.

நம் ஊரிலும் சட்டம் உண்டு. 2021-ஆம் வருஷத்து ட்ரோன் விதிகள்படி வான்வெளியைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வரைபடத்தில் பிரித்திருக்கிறார்கள். பச்சையில் 400 அடி வரை பறக்கலாம். 250 கிராம் வரையுள்ள ட்ரோனுக்கு ஓட்டுநர் சான்றிதழ் தேவையில்லை. கல்வராயன் மலைக்குப் போனால் மேகம் அருவிக்கு மேலே பறக்கவிட யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் காட்டுக்குள் வனத்துறையைக் கேட்காமல் பறக்கவிடக் கூடாது.

சட்டத்தோடு நாகரிகமும் வேண்டும். அடுத்த வீட்டு மொட்டை மாடியில் தலை துவட்டுகிறவளைக் காமிரா பார்த்தால், அவளுக்கு எப்படி இருக்கும் என்று நம் பிள்ளைக்கு நாம்தான் சொல்லித் தர வேண்டும்.

பேத்தியைக் கொஞ்சிவிட்டு ஊர் திரும்பிய மறுவாரம், சங்கராபுரம் பக்கத்திலுள்ள எங்கள் மாமனார் நிலத்துக்குப் போனோம். பையன் முதலில் வரைபடத்தைப் பார்த்தான், பச்சை. பிறகு பக்கத்து நிலத்துக்காரரிடம், “ஐயா, கொஞ்ச நேரம் பறக்க விட்டுக்கட்டுங்களா?” என்று கேட்டான். எனக்கு அதுவே நிறைந்துவிட்டது. நூறு அடி மேலே போனதும், கரும்புத் தோட்டத்துக்கு அப்பால் கல்வராயன் மலை முழுசாகத் தெரிந்தது. என் மாமியார் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்து, “அட, நம்ம கிணறு!” என்றார்.