26 ஓட்டை... 23 கிராம்!

முதலில் ஒரு விடுகதை. "என் உடம்பில் 26 ஓட்டைகள். எடை 23 கிராம்தான். ஆனாலும் என்னைத் துரத்திக்கொண்டு பத்துப் பேர் ஓடுகிறார்கள். நான் யார்?"

தெரியவில்லையா? ஃப்ளோர்பால் பந்து!

கூரைக்கு அடியில், வழவழப்பான தரையில் ஆடும் ஒருவகை ஹாக்கிதான் ஃப்ளோர்பால். ஆடுகளம் 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். சுற்றிலும் அரை மீட்டர் உயரத்துக்குத் தடுப்புப் பலகை. ஓர் அணிக்கு 6 பேர். அதில் கோல் கீப்பருக்கு மட்டையே கிடையாது! முட்டி போட்டபடி, உடம்பாலும் கையாலும் பந்தைத் தடுப்பார்.

இதை ஏன் வெளியே ஆடுவதில்லை? பழவேற்காடு ஏரிப் பக்கம் ஆரம்பாக்கத்தில், திறந்த வெளியில் இந்தப் பந்தை வைத்துப் பாருங்கள். அடிக்கிற காற்றே கோல் போட்டுவிடும்! மணலில் பந்து உருளவும் செய்யாது.

பந்து இவ்வளவு லேசாக இருப்பதில் ஒரு நன்மை உண்டு. ஹாக்கிப் பந்தைத் தராசின் ஒரு தட்டில் வைத்தால், மறு தட்டில் 7 ஃப்ளோர்பால் பந்துகள் வைக்க வேண்டும். ஹாக்கிப் பந்து கெட்டியானது. இதுவோ உள்ளே வெற்றிடமான பிளாஸ்டிக். அதனால் பட்டாலும் பெரிய காயம் வராது. எதிராளியின் மட்டையை அடித்தாலே ஃபவுல்! தப்பாட்டம் ஆடினால் 2 நிமிடம் வெளியே உட்கார வேண்டியதுதான்.

ஸ்வீடன், பின்லாந்து, சுவிட்சர்லாந்து ஆகிய 3 நாடுகள் சேர்ந்து 1986ல் சர்வதேச ஃப்ளோர்பால் சங்கத்தைத் தொடங்கின. மூன்றுமே கடுங்குளிர் நாடுகள். பனி கொட்டும்போது வெளியே ஆட முடியுமா? கூரைக்கு அடியில் ஆடும் விளையாட்டு அங்கே வேகமாகப் பரவியதில் ஆச்சரியம் இல்லை.

அப்புறம் போட்டி வராமல் இருக்குமா? 2010ல் நம்ம சென்னை சூப்பர் கிங்ஸ் தென்னாப்பிரிக்காவுக்குப் போய், பல நாட்டு கிரிக்கெட் அணிகள் மோதிய சாம்பியன்ஸ் லீக் கோப்பையை ஜெயித்தது அல்லவா? அதுபோல ஃப்ளோர்பாலிலும் நாடுகளுக்குப் பதிலாக கிளப்புகள் மோதும் கோப்பை உண்டு. 1993ல் ஐரோப்பியக் கோப்பையாகத் தொடங்கியது. 2011ல் சாம்பியன்ஸ் கோப்பை என்று பெயர் மாறியது. அவரவர் நாட்டில் சிறந்து விளங்கும் கிளப்புகள் இதில் மோதும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கோப்பை.

பனி நாட்டுக்காரர்கள் மட்டும்தான் ஜெயிப்பார்களா? இல்லை. பனியே விழாத சிங்கப்பூரைப் பாருங்கள். தமிழும் ஆட்சிமொழியாக உள்ள குட்டித் தீவு அது. 2015ல் அங்கு நடந்த தென்கிழக்கு ஆசிய விளையாட்டுப் போட்டியில், ஃப்ளோர்பாலில் ஆண்கள், பெண்கள் என 2 தங்கத்தையும் சிங்கப்பூரே தட்டிச் சென்றது!

நமக்குப் பனி இல்லை. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை உண்டே! பள்ளி மைதானம் குளமாகிவிட்டால், விளையாட்டுப் பீரியடில் வகுப்பிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதானா? பெரிய ஹால் ஒன்று இருந்தால் போதும். இந்த லேசான பந்து அங்கே உருளும். பையன்களும் பெண்களும் சேர்ந்தே ஆடலாம்.

அடுத்த மழைக்கு முன்பே உங்கள் பி.டி. சாரிடம் கேட்டுப் பாருங்களேன்!