நற்பள்ளிக்கு இலக்கணம் யாது?

படிப்பிற் பின்தங்கிய பிள்ளையை எந்தப் பள்ளியிற் சேர்க்கலாம் என்று தெஹிவளையிலும் வெள்ளவத்தையிலும் வாழும் பெற்றோர் பலர் என்னிடம் வினவுவதுண்டு. வினவும்போதே விடையையும் அவர்கள் கையில் வைத்திருப்பர். பெயர்பெற்ற கல்லூரி ஒன்று. அது கிட்டாவிடின் ஆங்கிலமொழிமூலச் சர்வதேசப் பாடசாலை ஒன்று. பள்ளி மாறினாற் பிள்ளையும் மாறிவிடும் என்பது அவர்தம் நம்பிக்கை. பள்ளியைத் தேடுமுன் பிள்ளையைத் தெரிந்துகொள்ளுங்கள் என்பதே யான் அவர்க்குக் கூறும் விடை.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர் மாணாக்கரை மூவகைப்படுத்தினார். அன்னமும் பசுவும் தலைமாணாக்கர்க்கு உவமை. மண்ணும் கிளியும் இடைமாணாக்கர்க்கு. ஓட்டைக்குடம், ஆடு, எருமை, பன்னாடை என்பன கடைமாணாக்கர்க்கு. இப்பகுதியை நம்மவர் நன்கறிவர். பின்தங்கிய பிள்ளையை 'எருமை' என்று வைவதற்கு இது வாய்ப்பாகவும் இருக்கிறது. அதே பாயிரத்தில் ஆசிரியராகத் தகாதவர்க்கும் நான்கு உவமைகள் உண்டென்பதை மட்டும் மறந்துவிடுகிறோம். கழற்சிக்காய் இட்ட குடம் அவற்றுள் ஒன்று. இட்ட முறையின்றிக் கண்டபடி கொட்டும். பருத்தி அடைத்த குண்டிகை மற்றொன்று. உள்ளதை எளிதில் வெளியே தராது. அத்தகையோரிடம் அன்னமே வந்து கற்றாலும் என்ன பயன்? மாணாக்கன் எவ்வகையால் ஏற்பான் என அறிந்து, அவன் உளங்கொள்ளுமாறு கற்பித்தல் வேண்டும் என்பது ஆசிரியர்க்கு அம்முனிவர் விதித்த கடமை. நற்பள்ளிக்கும் அதுவே இலக்கணம்.

பிள்ளை பின்தங்குவதற்குக் காரணம் பல. கரும்பலகை தெளிவாய்த் தெரியாத கண்ணும், சொற்கள் சரியாய் விழாத செவியும் முதலிற் சோதிக்கத்தக்கன. களுபோவிலைப் போதனா வைத்தியசாலையும், பொரளைச் சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையும் நமக்கு எட்டாத் தொலைவில் இல்லை.

கண்ணும் செவியும் அறிவும் நன்றாயிருந்தும் எழுத்து மாத்திரம் வசப்படாத பிள்ளைகளும் உளர். 1896ஆம் ஆண்டிற் பிறிங்கிள் மோர்கன் என்னும் ஆங்கில மருத்துவர் 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றிப் பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதினார். கணக்கிலும் பேச்சிலும் குறையில்லாத அச்சிறுவனுக்கு வாசிக்க வரவில்லை. பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே அவன்தான் கெட்டிக்காரன் என்று அவனுடைய ஆசிரியர் கருதினாராம். இந்நிலையை இன்று டிஸ்லெக்சியா என்பர். இத்தகைய பிள்ளைகளின் நலனுக்கென 1990களின் தொடக்கத்திலேயே சென்னையிற் சங்கம் ஒன்று தோன்றியது.

நம் எழுத்திலும் இடறும் கற்கள் உண்டு. 'கொ' என எழுதுங்கால் கொம்பு முன்னே நிற்கிறது, கால் பின்னே நிற்கிறது. சொல்லுங்காலோ மெய்யொலியே முந்துகிறது. கண் காணும் வரிசை ஒன்று. காது கேட்கும் வரிசை வேறு. ளகரமும் ழகரமும் நம்மிற் பலர் நாவில் ஒன்றாகிவிட்டன. ஏட்டில் இரண்டாகவே நிற்கின்றன. நூறுமுறை எழுதுக என்று தண்டித்தால் இவை வாரா. உரக்கச் சொல்லிக்கொண்டே மணலில் விரலால் எழுதவைத்தனர் நம் திண்ணைப் பள்ளி ஆசிரியர்கள். கண், காது, கை ஆகிய மூன்றையும் ஒருங்கே பழக்கும் இக்காலச் சிறப்புப் பயிற்சியும் அம்முறையையே கையாளுகிறது.

வீட்டிலே தமிழும் வீதியிலே சிங்களமுமாக வளரும் பிள்ளை, தாய்மொழி எழுத்திலேயே தடுமாறும்போது, அதன்மேல் எல்லாப் பாடத்தையும் ஆங்கிலத்தில் ஏற்றுவது சுமைமேற் சுமையாகும். சர்வதேசப் பாடசாலைகள் பல வணிகக் கம்பனிகளாகப் பதிவுபெற்றவை. அங்கே கற்பிப்போர் யாவர், அவர் பெற்ற பயிற்சி யாது என்று பெற்றோரே ஆராயவேண்டும்.

எப்பள்ளியாயினும் சில கேள்விகளைக் கேளுங்கள். வகுப்பில் எத்தனை பிள்ளைகள்? பின்தங்கியவனுக்குத் தனியே கற்பிப்பவர் யார், எந்த வேளையில்? விசேட கல்வி அலகு இருப்பின், அங்குள்ள பிள்ளைகள் விளையாட்டிலும் விழாவிலும் ஏனையோருடன் கலக்கின்றனரா? புள்ளி குறைந்தால் என்ன செய்வீர்கள்? "வேறு பள்ளி பாருங்கள்" என்று விடை வந்தால் வணக்கம் சொல்லித் திரும்புங்கள். வழித்தூரத்தையும் எண்ணுங்கள். தெஹிவளையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு விடியுமுன் வானில் ஏறும் பிள்ளை, காலி வீதி நெரிசலிலேயே பாதி ஊக்கத்தை இழந்துவிடும்.

ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சை ஒன்றே பத்து வயதுப் பிள்ளையின் தலையெழுத்தன்று. 16 வயதுவரை கல்வி கட்டாயம் என 2016இல் விதி செய்யப்பட்டது. சாதாரண தரத்திற் சித்தியெய்தாதவரும் தொழிற்பாடங்களைத் தொடர்ந்து பயில, 2017இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டம் வழிசெய்தது. பாதை நீண்டது, பத்து வயதில் முடிவதில்லை.

பெற்றோரே, உறவினர் கேட்டாற் பெருமையோடு சொல்லத்தக்க பள்ளிப் பெயரையா தேடுகிறீர்கள்? உங்கள் பிள்ளை அச்சமின்றி எழுந்து, "எனக்கு விளங்கவில்லை, சேர்" என்று சொல்லத்தக்க வகுப்பைத் தேடுங்கள். அது சிறிய பள்ளியில் இருக்கலாம். உங்கள் வீதிக் கோடியிலேயே இருக்கலாம்.