வகுப்பறைக்கு வெளியே ஒரு நுழைவுத்தேர்வு: புதுக்கோட்டை மாணவர்களும் ஜாம் தேர்வும்

இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களில் முதுநிலை அறிவியல் படிப்பில் சேர விரும்பும் பட்டதாரிகள் எழுத வேண்டிய நுழைவுத்தேர்வு ‘ஜாம்’ என்று சுருக்கமாக அழைக்கப்படுகிறது. 2004-05 கல்வியாண்டிலிருந்து நடைபெற்றுவரும் இத்தேர்வில் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரித்தொழில்நுட்பம், நிலவியல், கணிதப் புள்ளியியல், பொருளியல் என ஏழு தாள்கள் உள்ளன. பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும், புதுக்கோட்டையிலிருந்து பேருந்தில் சென்று திரும்பக்கூடிய தொலைவில் துவாக்குடியில் அமைந்துள்ள திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகமும் இதன் மதிப்பெண்ணைக் கொண்டு பட்டதாரிகளைச் சேர்த்துக்கொள்கின்றன. புதுக்கோட்டை மன்னர் கல்லூரியிலோ, கலைஞர் கருணாநிதி அரசு மகளிர் கலைக் கல்லூரியிலோ, அறந்தாங்கி அரசுக் கல்லூரியிலோ மூன்றாம் ஆண்டு கணிதம் பயிலும் மாணவர் ஒருவர் இத்தேர்வுக்கு ஆயத்தமாகத் தொடங்கும்போது, அவருடைய பெரிய இடர்ப்பாடு பாடத்தின் கடினத்தில் இருப்பதைவிட, ஆறேழு மாதக் காலத்தை எவருடைய கண்காணிப்பும் இன்றி முறிவில்லாமல் கடப்பதில்தான் இருக்கிறது.

தேர்வின் அமைப்பை முதலில் அறிந்துகொள்வது அவசியம், ஏனெனில் எவ்வாறு படிக்க வேண்டும் என்பதை அதுவே பெருமளவு முடிவு செய்கிறது. கணினிவழியில் மூன்று மணி நேரம் நடக்கும் தேர்வில் 60 வினாக்களுக்கு 100 மதிப்பெண். முதற்பகுதியின் 30 வினாக்களில் நான்கு விடைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தவறான விடைக்கு அவ்வினாவின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழிக்கப்படும். இரண்டாம் பகுதியின் 10 வினாக்களில் ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் சரியாக இருக்கலாம். சரியானவை அனைத்தையும் குறித்தால் மட்டுமே மதிப்பெண் கிடைக்கும். மூன்றாம் பகுதியின் 20 வினாக்களுக்கு விடையாகும் எண்ணை மாணவரே கணக்கிட்டு உள்ளிட வேண்டும். பின்னிரு பகுதிகளிலும் தவறுக்குக் கழிவு இல்லை. தேற்றத்தையும் நிரூபணத்தையும் எழுதிக் காட்டும் பருவத்தேர்வுக்குப் பழகிய கைக்கு இது முற்றிலும் வேறான வேலை. அத்துடன் வினாத்தாள் ஆங்கிலத்தில் மட்டுமே அமைவதால், தமிழ்வழியில் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் கருத்தைப் புரிந்துகொண்ட பின்னும் வினாவைப் படித்து விளங்கிக்கொள்வதற்குத் தனியாக நேரம் செலவிட வேண்டியிருக்கிறது.

இத்தேர்வுக்கான பயிற்சி நிலையங்கள் பெருநகரங்களிலேயே குவிந்துள்ளன. மாவட்டத் தலைநகரில் போட்டித்தேர்வு என்ற சொல் பெரும்பாலும் டி.என்.பி.எஸ்.சி., காவலர், ஆசிரியர் தேர்வுகளையே குறிக்கும். ஆகவே இங்கே ஜாம் எழுதத் துணிபவர் பழைய வினாத்தாள்களையும், நூலகப் புத்தகங்களையும், இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள் 2003 முதல் கட்டணமின்றி வழங்கிவரும் என்.பி.டி.இ.எல். காணொளி வகுப்புகளையும் கொண்டு தாமே தமக்கு ஆசிரியராக அமைகிறார். அவருக்கு இல்லாதவை மணி அடிக்கும் ஒருவரும், வருகைப் பதிவேடும், திங்கட்கிழமைத் தேர்வும்தாம். பயிற்சி நிலையம் விற்கும் பொருளில் பெரும்பகுதி இவையே என்பதைப் பெற்றோரும் கல்லூரிகளும் உணர்ந்துகொள்வது நல்லது. அறிவு ஏறத்தாழ இலவசமாகக் கிடைக்கும் காலத்தில் ஒழுங்குக்குத்தான் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

புதுக்கோட்டை மாணவரின் ஆண்டு எவ்வாறு ஓடுகிறது என்று பார்த்தால், படிப்பு எங்கே முறியும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். விண்ணப்பம் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் பெறப்படுகிறது. அப்போது ஊக்கம் உச்சத்தில் இருக்கும். அடுத்துத் தீபாவளி வரும். வடகிழக்குப் பருவமழை வரும். கல்லணைக் கால்வாய்ப் பாசனம் பெறும் அறந்தாங்கிப் பகுதியில் சம்பா நடவும் களையெடுப்பும் வீட்டுப் பிள்ளைகளின் உழைப்பையும் கேட்கும். அவற்றின் நடுவே நவம்பரில் பருவத்தேர்வு வந்து நிற்கும். அரியர் விழுந்துவிடக் கூடாது என்ற நியாயமான அச்சத்தால் நுழைவுத்தேர்வுக் குறிப்பேடு மூன்று, நான்கு வாரங்கள் மூடப்படுகிறது. அது மீண்டும் திறக்கப்படும்போது கற்றவற்றில் பாதி மறந்திருக்கும். மறந்ததைக் கண்ட மனம் சோர்ந்து, இந்த ஆண்டு போகட்டும் என்று முடிவு செய்துவிடும். இதனைத் தாண்டி வந்தவருக்குப் பொங்கல் காத்திருக்கிறது. ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு வழக்கமாகக் கந்தர்வகோட்டையை அடுத்த தச்சன்குறிச்சியில் நடக்கும் மாவட்டம் இது. தை மாதம் முழுவதும் வாடிவாசல் இருக்கும் ஊர்களில் ஒரு பிள்ளை அறைக்குள் அமர்ந்து கணக்குப் போட வேண்டும் என்று எதிர்பார்ப்பது இயல்புக்கு மாறானது. தேர்வோ பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடைபெறும்.

இவ்வளவும் தெரிந்திருந்தும் ஒவ்வோர் ஆண்டும் மாணவர்கள் போடும் கால அட்டவணையில் தீபாவளியும் நடவும் பருவத்தேர்வும் இடம்பெறுவதில்லை. நாளொன்றுக்கு ஆறு மணி நேரம், ஞாயிறு பத்து மணி நேரம் என்று எழுதப்படும் அந்த அட்டவணை, நோயும் விருந்தினரும் மின்தடையும் இல்லாத ஓர் உலகத்துக்காகத் தயாரிக்கப்பட்டது. உளவியலில் இதற்குத் திட்டமிடல் மயக்கம் என்று பெயர்: ஒரு வேலை முடிய ஆகும் காலத்தை, முன் அனுபவம் வேறாகச் சொன்னாலும், குறைவாகவே மதிப்பிடும் மனப்போக்கு. டேனியல் கானமன், ஏமோஸ் டுவெர்ஸ்கி ஆகியோர் 1979இல் விளக்கிய இப்போக்கை, ரோஜர் பியூலரும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் 1994இல் மாணவர்களிடமே அளந்து பார்த்தனர். ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்கள் அதனை முடிக்கச் சராசரியாக 33.9 நாள்கள் ஆகும் என்று கணித்தனர், உண்மையில் 55.5 நாள்கள் ஆயின. எல்லாமே தவறிப்போனால் எவ்வளவு ஆகும் என்று கேட்டபோது அவர்கள் சொன்ன காலத்தையும் உண்மைக் காலம் தாண்டிவிட்டது.

ஆகவே தனியே படிப்பவர் முதலில் தயாரிக்க வேண்டியது, தவறிய பிறகும் தொடர்ந்து பின்பற்றத்தக்க ஓர் அட்டவணை. வாரத்தில் ஆறு நாள்களுக்கு வேலை வகுத்து, ஏழாம் நாளை விட்டுப்போனவற்றுக்கென்றே வெறுமையாக வைத்திருப்பது, பருவத்தேர்வு நடக்கும் வாரங்களில் நுழைவுத்தேர்வுப் படிப்பை முற்றிலும் நிறுத்தாமல் நாளுக்கு இரண்டு வினா என்ற அளவுக்குச் சுருக்கிக்கொள்வது, நவம்பர் இறுதியில் எந்தத் தேதியில் எந்தப் பாடத்திலிருந்து மீண்டும் தொடங்குவது என்பதை அக்டோபரிலேயே எழுதி வைப்பது ஆகியவை இதில் அடங்கும். இயற்கைச் சீற்றத்தையும் கணக்கில் கொள்ள வேண்டிய மாவட்டம் இது. 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல் ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு வட்டாரங்களின் தென்னையையும் பலாவையும் சாய்த்ததோடு பல ஊர்களை வாரக்கணக்கில் மின்சாரமின்றி வைத்தது. காணொளியையும் கைப்பேசியையும் மட்டும் நம்பிய படிப்பு அத்தகைய நாள்களில் நின்றுபோகும். பழைய வினாத்தாள்களை அச்செடுத்துத் தைத்து வைத்திருப்பது மிகைச் செலவாகாது.

அடுத்தது, படிப்பை எதைக் கொண்டு அளப்பது என்பது. பெரும்பாலான மாணவர்கள் மணிக்கணக்கைக் கொண்டு அளக்கிறார்கள்; காணொளி பார்த்த நேரமும் அதில் சேர்ந்துவிடுகிறது. பேராசிரியர் ஒருவர் கரும்பலகையில் கணக்கைத் தீர்க்கும்போது எல்லாம் புரிவதுபோல் தோன்றுவது இயல்பே. அந்தப் புரிதல் தம்முடையதாகிவிட்டதா என்பதைத் திரையை அணைத்துவிட்டு வெற்றுத்தாளில் அதே கணக்கைச் செய்து பார்க்கும்போதுதான் அறிய முடியும். ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கி ஆகியோர் 2006இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியை மறுபடியும் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் சற்று முந்தினர். ஆனால் ஒரு வாரம் கழித்து, மறுபடி படிப்பதற்குப் பதிலாக நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே 56 விழுக்காட்டை நினைவில் வைத்திருந்தனர். மறுபடி படித்தவர்களிடம் 42 விழுக்காடே எஞ்சியது. நினைவிலிருந்து மீட்டெடுக்கும் முயற்சி, கற்றதைச் சோதிப்பதோடு நில்லாமல் அதனை ஆழப்பதியவும் வைக்கிறது என்பதே இதன் பொருள்.

கணிதத்துக்கு இன்னும் நேரடியாகப் பொருந்துவது டக் ரோரர், கெல்லி டெய்லர் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வு. கன உருவங்களின் கொள்ளளவைக் காணும் கணக்குகளை ஒரு குழு வகைவாரியாகவும், மற்றொரு குழு கலந்தும் பயின்றன. பயிற்சியின்போது வகைவாரியாகச் செய்தவர்கள் 89 விழுக்காடு சரியாகச் செய்ய, கலந்து செய்தவர்கள் 60 விழுக்காட்டில் தடுமாறினர். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் நிலைமை தலைகீழாயிற்று: கலந்து பயின்றவர்கள் 63 விழுக்காடு, வகைவாரியாகப் பயின்றவர்கள் 20 விழுக்காடு. காரணம் எளிது. குலக் கோட்பாடு என்ற தலைப்பின் கீழ் இருக்கும் பத்துக் கணக்கையும் செய்பவருக்கு எந்த முறையைக் கையாள வேண்டும் என்பது தலைப்பிலேயே சொல்லப்பட்டுவிடுகிறது. ஜாம் வினாத்தாளில் தலைப்பு இருக்காது. தொடரின் ஒருங்கலும், அணியின் ஐகன் மதிப்பும், வகைக்கெழுச் சமன்பாடும் அடுத்தடுத்து வரும் தாளில், இது எந்த வகைக் கணக்கு என்று இனங்காண்பதே பாதி வேலை. கலந்து பயில்பவருக்கு நாள்தோறும் தோல்வியுணர்வு ஏற்படும் என்பதும் இவ்வாய்விலிருந்தே விளங்குகிறது. தனியே படிக்கும் பலர் டிசம்பரில் கைவிடுவதற்கு இந்த உணர்வைத் தவறாகப் புரிந்துகொள்வதும் ஒரு காரணமாகலாம்; பயிற்சியில் வரும் தடுமாற்றம் கற்றலின் கூறு என்று சொல்லித்தர அருகில் ஒருவர் இருந்தால் அவர்களுள் சிலரேனும் பிப்ரவரி வரை வந்துவிடுவார்கள்.

அந்த ஒருவரைப் பற்றித்தான் இம்மாவட்டத்தின் வரலாறு உறுதியாகப் பேசுகிறது. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி, பூப்பெய்திய பெண் பள்ளிக்குச் செல்லலாகாது என்ற அக்கால வழக்கத்தால் பள்ளியை விட்டு நிறுத்தப்பட்டு, வீட்டிலிருந்தே பயின்று, தனித்தேர்வராக மெட்ரிகுலேஷன் தேறினார். ஆண்கள் மட்டுமே பயின்ற மன்னர் கல்லூரியில் அவரைச் சேர்ப்பதற்கு எழுந்த எதிர்ப்பை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானின் ஆணை விலக்கியது; 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் அவர் மருத்துவரானார். வகுப்பறை மறுக்கப்பட்ட ஆண்டுகளிலும் அவருக்குக் கற்பித்தல் மறுக்கப்படவில்லை. கல்வியாளரான தந்தை நாராயணசாமியின் மேற்பார்வை வீட்டில் இருந்தது. தனித்தேர்வர் என்ற சொல் துணையற்றவர் என்று பொருள்படாது.

இதே உண்மையை 1991இல் இம்மாவட்டத்தில் தொடங்கிய அறிவொளி எழுத்தறிவு இயக்கம் பல்லாயிரவர் அளவில் காட்டியது. அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தில், தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினர் உள்ளிட்ட தொண்டர்கள் கிராமந்தோறும் சிறு குழுக்களாக மக்களைக் கூட்டி, கல்குவாரியிலும் வயலிலும் உழைத்துத் திரும்பிய பெண்களுக்கு மாலைப் பொழுதுகளில் எழுத்தறிவித்தனர். எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தனர். அந்தப் பெண்களின் ஓய்வு நேரம் இன்றைய கல்லூரி மாணவரின் ஓய்வு நேரத்தைவிடக் குறைவு. அவர்களை வரச்செய்தது, குறிப்பிட்ட நேரத்தில் குறிப்பிட்ட இடத்தில் தம்மை எதிர்பார்த்து ஒருவர் காத்திருக்கிறார் என்ற எண்ணம். கற்ற எழுத்து பயன்பாடின்றி மறந்துபோகும் என்பதை அறிந்தே எழுத்தறிவு இயக்கங்கள் தொடர்கல்வி என்ற அடுத்த கட்டத்தையும் வகுத்தன.

இன்றைய தேவைக்கு இதனை மாற்றிக்கொள்வது கடினமன்று. ஒரு கல்லூரியில் மூவரோ நால்வரோ இத்தேர்வை எழுதினால் போதும். சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி நேரம் துறையின் காலி வகுப்பறை ஒன்றைப் பெற்று, பழைய வினாத்தாள் ஒன்றைத் தேர்வு நேரத்துக்குள்ளேயே எழுதி, தாளை மாற்றித் திருத்தி, தவறிய வினாக்களை மட்டும் தனிக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வது. எழுதும்போது பாடம் தெரியாததால் தவறியதா, வினாவின் ஆங்கிலம் பிடிபடாததால் தவறியதா, கணக்கீட்டில் சறுக்கியதா என்று காரணத்தையும் குறிப்பது. அடுத்த சனிக்கிழமைக்கு முன் அதே வினாவை உதவியின்றிச் செய்து காட்டுவது. ஒரு பேராசிரியர் அவ்வறையில் அரைமணி நேரம் அமர்ந்திருந்தால் அதுவே பெரும் துணை. கறம்பக்குடியிலிருந்தோ மணமேல்குடியிலிருந்தோ நாள்தோறும் பேருந்தில் வருபவர்களுக்குப் பயண நேரமும் பயன்படும்: நின்றுகொண்டு புத்தகம் படிக்க இயலாவிட்டாலும், முந்தைய நாள் படித்த தேற்றத்தின் நிபந்தனைகளை மனத்துக்குள் வரிசையாகச் சொல்லிப் பார்க்க இயலும். கட்டணத்தைப் பொறுத்தவரை பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பாதிதான் என்பதைக் கல்லூரிகள் செப்டம்பரிலேயே அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கலாம்.

முடிவுகள் மார்ச் மாதத்தில் வெளியாகும். இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் இடம் கிடைக்காதவர்கள் தேசியத் தொழில்நுட்பக் கழகங்களுக்கென நடக்கும் தனிக் கலந்தாய்வில் அதே மதிப்பெண்ணைக் கொண்டு பங்கேற்கலாம். திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர்வதற்கோ, தேசியத் தேர்வு முகமை 2022 முதல் நடத்திவரும் முதுநிலைப் பொது நுழைவுத்தேர்வை எழுத வேண்டும்; பாடப்பகுதி பெரிதும் ஒன்றே என்பதால் ஜாமுக்குப் படித்தது அங்கும் உதவும். ஆனால் அத்தேர்வுக்கான விண்ணப்பக் காலம் அண்மை ஆண்டுகளில் ஜனவரியை ஒட்டி, பொங்கலும் இறுதிக்கட்டப் படிப்பும் நெருக்கும் நேரத்தில் வந்து பிப்ரவரியின் முற்பகுதிக்குள் முடிந்துவிடுகிறது; ஜாம் முடிவைப் பார்த்துவிட்டு விண்ணப்பிக்கலாம் என்று காத்திருப்பவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லாமல் போகிறது.