அறிவை அளக்கும் மரக்கால்

நெல்லை அளப்பதற்கு மரக்கால் உண்டு. நிலத்தை அளப்பதற்குக் கோல் உண்டு. அறிவை அளப்பதற்கு மக்கள் கண்ட கருவி வினா. மரக்கால் பொய்யாயின் மரக்காலையே குறை கூறுவோம். நெல்லைக் குறை கூறோம். ஆனால் வினா பொய்த்தவிடத்து, விடை கூற இயலாத மாணவனையே உலகம் குறை கூறுகின்றது. இது முறையாகுமா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

வினவியும் விடுத்தும் அறிவை வளர்ப்பது தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியம் 'பிசி' என்னும் பெயரால் விடுகதையைக் குறிக்கின்றது. செய்குத்தம்பிப் பாவலர் 1907 ஆம் ஆண்டில் சென்னையில் சதாவதானம் நிகழ்த்திப் புகழ் பெற்றார். எனினும், இன்று பள்ளிதோறும் நடைபெறும் வினாடி வினாப் போட்டி மேனாட்டு முறையைத் தழுவியது. 1967 ஆம் ஆண்டில் கல்கத்தாவில் நீல் ஓபிரையன் என்பார் நடத்திய போட்டியே நம் நாட்டின் முதற் பொது வினாடி வினா என்பர். 1972 ஆம் ஆண்டில் தொடங்கிய போர்ன்விட்டாப் போட்டி, பின்னர் வானொலி வழியாகப் பல்லாயிரம் மாணவரைக் கவர்ந்தது. இவை ஆங்கிலத்தில் நடந்தவை. ஆதலின், ஆங்கிலம் கற்ற நகரத்தார் படித்த நூலும், ஆடிய ஆட்டமும், கேட்ட இசையுமே பெரும்பாலும் 'பொது அறிவு' என்னும் பெயரைப் பெற்றன.

ஒரு நாட்டாரின் பழக்கத்தை அனைவர்க்கும் உரிய அறிவாகக் கொள்வதால் விளையும் தீங்கை அமெரிக்க வரலாறு காட்டுகின்றது. முதல் உலகப் போரின்போது, 1917 ஆம் ஆண்டில், இராபர்ட் யெர்க்ஸ் என்னும் உளவியலார் தலைமையில் படைவீரர்க்கு அறிவுத் தேர்வு வகுக்கப்பெற்றது. அதனைப் பதினேழு இலட்சத்திற்கு மேற்பட்டோர் எழுதினர். அந்நாட்டுப் பந்தாட்டக்காரர் ஒருவர் பெயரைத் தந்து, அவர் எத்தொழிலால் புகழ் பெற்றவர் என்று வினவினர். அந்நாட்டுக் கடையில் விற்கும் சமையற் கொழுப்பின் பெயரைத் தந்து, அஃது எத்தகைய பொருள் என்று வினவினர். இத்தாலி, போலந்து முதலிய நாடுகளிலிருந்து அண்மையில் குடியேறியவர் இவற்றை எங்ஙனம் அறிவர்? அவர்கள் குறைந்த மதிப்பெண் பெற்றனர். கார்ல் பிரிகாம் என்பார் 1923 ஆம் ஆண்டில் அம்மதிப்பெண்களைச் சான்றாகக் காட்டி, அந்நாட்டினர் பிறப்பிலேயே அறிவிற் குறைந்தவர் என்று நூல் எழுதினார். 1930 ஆம் ஆண்டில் அவரே தம் முடிவு அடிப்படையற்றது என்று ஒப்புக்கொண்டார். தவறு வெளிப்பட்டது, ஆயினும் அதற்குள் பழி பரவிவிட்டது.

நம் கொங்கு நாட்டிற்கு வருவோம். உலகின் நீண்ட ஆறு எது என்று கேட்டால் நம் மாணவர் விரைந்து விடை கூறுவர். நொய்யலாற்றின் கரையில் உள்ள கொடுமணலைப் பற்றிக் கேட்டாலோ பலர் விழிப்பர். பதிற்றுப்பத்துக் கூறும் கொடுமணம் இவ்வூரே என்பர் அறிஞர். மணிகள் செய்த தொழிற்கூடங்களும், எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் அங்கு அகழ்ந்தெடுக்கப்பட்டன. நம் மண்ணின் பெருமை வினாத்தாளில் இடம் பெறாதபோது, அது பெருமையே அன்று என்று மாணவர் எண்ணத் தலைப்படுகின்றனர். இதுவே பெருந்தீங்கு.

இக்குறையை நீக்க எண்ணி, ஒருமுறை யானே ஒரு பள்ளிப் போட்டிக்கு வினாக்கள் அமைத்தேன். காங்கேயம் காளைகளுள் மயிலை, காரி, செவலை ஆகியன யாவை? காலிங்கராயன் கால்வாய் எவ்வாற்றிலிருந்து பிரிகின்றது? இவ்வாறு வினாக்கள் அமைந்தன. உழவர் வீட்டுப் பிள்ளைகள் மகிழ்ந்து விடை கூறினர். ஆனால் திருப்பூரின் பின்னலாடைத் தொழிலை நாடி ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்துப் பெண் ஒருத்தி, வாய் திறவாமல் அமர்ந்திருந்தாள். வகுப்பில் கணக்கிற் சிறந்தவள் அவள். அப்பொழுதுதான் என் பிழை எனக்குப் புலனாயிற்று. பிறர் மரக்காலைப் பழித்த யான், என் ஊர் மரக்காலால் அவளை அளந்துவிட்டேன்!

அவ்வாறாயின் நல்ல வினா எது? நினைவை மட்டும் நாடாமல், சிந்தனைக்கும் வழிவிடுவதே நல்ல வினா. ஒரு சான்று காண்போம். 'கோ 205 என்பது யாது?' என்பது அறிந்தவர்க்கு மட்டுமே உரிய வினா. அதனையே பின்வருமாறு மாற்றலாம்: '1912 ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற ஆராய்ச்சி நிலையம், 1918 ஆம் ஆண்டில் வெளியிட்ட கலப்பினக் கரும்பு கோ 205. வட நாட்டு உழவர்க்குப் பயன்பட்ட இக்கரும்பின் பெயரில் உள்ள கோ எந்நகரைக் குறிக்கும்? கலப்பினம் உண்டாக்கக் கரும்பு நன்கு பூக்கும் இடத்தைத் தேர்ந்தது ஏன்?' முதற்பகுதிக்குக் கோயம்புத்தூர் என்று ஊகித்துக் கூறலாம். இரண்டாம் பகுதிக்கு, பூவின்றி மகரந்தச் சேர்க்கை இல்லை என்பதை எண்ணிப் பார்க்கும் எந்நாட்டு மாணவரும் விடை கூறுவர்.

மேலும், போட்டியின் எல்லையை முன்னரே அறிவித்தல் வேண்டும். வினா அமைப்போர் பல ஊரினராகவும் பல மொழியினராகவும் இருத்தல் நன்று. உள்ளூரும் உலகமும் வினாத்தாளில் ஒருங்கே இடம் பெறுதல் வேண்டும்.

மாணவர்களே! போட்டியில் ஒரு வினாவிற்கு விடை தெரியாவிடின் உள்ளம் தளராதீர். அதனை அன்றே தேடிக் கற்றுக்கொள்ளுங்கள். வென்றபோதும், தோற்றவனை அறிவிலி என்று எண்ணாதீர். அவன் அறிந்தவற்றை அவனிடம் கேளுங்கள். அவன் சொல்லும் விடைகளில் நீங்கள் அறியாத ஓர் உலகம் இருக்கக்கூடும்.