அந்தி ஒளியில் அனைவர் முகமும்

குடும்பச் சுற்றுலாவோ, ஓய்வுபெற்ற நண்பர்களின் சந்திப்போ, மாலைக் கடற்கரையில் எல்லோரும் சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கொள்ளாமல் நிறைவு பெறுவதில்லை. பின்னர் அதனைப் பார்க்கும்போது வானம் பொன்னாய் ஒளிர்கிறது. முகங்களோ கரிய நிழல்களாக நிற்கின்றன. சூரியன் நாளையும் மறையும். வெவ்வேறு ஊர்களில் வாழும் மூன்று தலைமுறையினர் மீண்டும் ஓரிடத்தில் கூடுவது அத்தனை உறுதியன்று. ஆதலால் குழுப்படத்தில் முதலிடம் முகங்களுக்கே உரியது.

ஒளிமிக்க வானையும் நிழல் படிந்த முகத்தையும் நம் கண் ஒருசேரக் காணவல்லது. கேமராவுக்கு அந்த ஆற்றல் குறைவு. வானத்தின் ஒளிக்கேற்ப அது தன்னைச் சரிசெய்துகொள்ளும்போது முகங்கள் இருண்டுவிடுகின்றன.

நேரம் அறிதல்

நாடு முழுவதற்கும் ஒரே கடிகார நேரம் என்பதால் மறையும் நேரம் ஊருக்கு ஊர் வேறுபடும். டிசம்பர் நடுப்பகுதியில் கொஹிமாவில் மாலை 4.30 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். துவாரகையிலோ 6 மணிக்குப் பின்னரே மறையும். சென்ற இடத்தில் நேரத்தைக் கணிக்க ஓர் எளிய வழி உண்டு. கையை முழுவதும் நீட்டி, அடிவானத்துக்கும் சூரியனுக்கும் இடையே விரல்களைக் கிடையாக அடுக்குங்கள். ஒரு விரலுக்கு ஏறத்தாழ 15 நிமிடம். இரண்டு விரல் இடைவெளி இருக்கும்போதே அனைவரையும் அழைத்து நிறுத்தத் தொடங்கலாம்.

திசை தேர்தல்

மும்பை மரைன் டிரைவில் கடலுக்கு முதுகு காட்டி நின்றால் சூரியனும் முதுகுப்புறமே இருக்கும். அங்கே குழுவைச் சற்றுத் திருப்பி, ஒளி பக்கவாட்டில் விழுமாறு நிறுத்துவது நலம். செல்பேசியாயின் திரையில் ஒரு முகத்தைத் தொட்டு, வெளிச்சத்தைச் சிறிது கூட்டுங்கள். வானம் சற்று வெளிறினாலும் முகம் தெளிவாகும். செல்பேசியின் ஃபிளாஷ் ஒளி சில அடிகளுக்கு மேல் பயன் தராது. பின்வரிசையில் நிற்போரை அது எட்டாது.

விசாகப்பட்டினத்தின் ராமகிருஷ்ணா கடற்கரையில் நிலைமை நேர்மாறானது. அங்கே கடல் கிழக்குப் புறம். சூரியன் நகரின் பக்கம் இறங்கும். கடலைப் பின்னணியாகக் கொண்டு நிற்போரின் முகத்தில் ஒளி நேராக விழும். ஆனால் கட்டடங்கள் சூரியனை முன்னதாகவே மறைக்கும் என்பதால் விரைந்து செயல்பட வேண்டும். கட்ச் வெள்ளை ரண் பகுதியிலோ, உப்புப் பரப்பே ஒளியைக் கீழிருந்து பிரதிபலித்து முகத்தின் நிழல்களை மென்மையாக்கும்.

மறைந்த பின்னரும்

சூரியன் மறைந்ததும் பலர் கேமராவை மூடிவிடுகின்றனர். உண்மையில் அடுத்த பத்து நிமிடங்களே குழுப்படத்துக்கு மிக உகந்தவை. அப்போது மேற்கு வானம் முழுவதும் பரந்த ஒரு விளக்காகிறது. குழுவினர் மேற்கு நோக்கி நிற்க, படமெடுப்பவர் மேற்குக்கு முதுகு காட்டி நிற்கட்டும். கண்கூச்சம் இராது, எல்லா முகங்களிலும் ஒளி சமமாகப் படியும். பின்னே கிழக்கு வானில் இளஞ்சிவப்பும் நீலமும் தோன்றும்.

வரிசை அமைத்தல்

முதியோரை நடுவில் நாற்காலியில் அமர்த்துங்கள். உயரமானவர்கள் பின்னே நிற்க, குழந்தைகள் முன்னே அமரட்டும். லென்ஸை இரு கண்களாலும் காண முடிகிறதா என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள். காண முடியாதவரின் முகம் படத்தில் மறைந்திருக்கும். மிக அருகில் நின்று அகலக் கோணத்தில் எடுத்தால் ஓரத்தில் நிற்போர் பருத்துத் தோன்றுவர். சில அடிகள் பின்வாங்கி எடுங்கள். தனிக் கேமராவில் எஃப் 5.6 முதல் 8 வரையிலான துளை அளவு இரண்டு மூன்று வரிசைகளைத் தெளிவாகக் காட்டும். யாரேனும் ஒருவர் இமைத்துவிடுவது இயல்பு. ஆகவே தொடர்ந்து ஐந்தாறு படங்களாவது எடுங்கள். அலைகளுக்கு முதுகு காட்டி நிற்கும்போது குழந்தைகள் மீது ஒருவர் கண் வைத்திருப்பது அவசியம்.

பல குடும்பங்களின் ஆல்பங்களில் ஒருவர் மட்டும் எப்போதும் இருப்பதில்லை, அவரே படமெடுப்பவர். டிரைபாடில் கேமராவைப் பொருத்தி, டைமரைப் பத்து நொடிக்கு வைத்துவிட்டு, அவருக்கென ஒதுக்கிய இடத்தில் அவரும் வந்து நிற்கட்டும். ஊர் திரும்பியதும் ஒரு படத்தையேனும் அச்சிட்டு, பின்புறம் பெயர்களையும் தேதியையும் எழுதி, வீட்டுக்கு ஒரு பிரதி அனுப்பிவையுங்கள்.