மலிவு என்று மூட்டையாக வாங்கலாமா? மழைக்காலத்தில் உருளைக்கிழங்கைக் காக்கும் வழிகள்

மும்பைத் தமிழர்களின் சமையலில் உருளைக்கிழங்கு இல்லாத நாள் குறைவு. தெருவுக்குத் தெரு "காந்தா-படாடா" கடை உண்டு. படாடா என்ற பெயரே போர்த்துக்கீசியர் விட்டுச் சென்றதுதான்.

விலை சற்று இறங்கினால் போதும். ஓர் அறையில் சேர்ந்து தங்கியிருக்கும் ஐந்தாறு பேர் பணம் போட்டு, வாஷி மார்க்கெட்டில் இருந்து 50 கிலோ மூட்டையைக் கொண்டுவந்து விடுகிறார்கள். கிலோ 20 ரூபாய் என்று வாங்கிய மூட்டையில் 10 கிலோ அழுகிப் போனால், மீதிக் கிழங்கின் விலை கிலோ 25 ரூபாய் ஆகிவிடுகிறது. மலிவாக வாங்கியதன் பலன் அதோடு போயிற்று!

கிடங்கில் உறங்கும் கிழங்கு

வட இந்தியச் சமவெளியில் உருளைக்கிழங்கு பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை தோண்டப்படுகிறது. பிறகு 2 முதல் 4 டிகிரி குளிரில் கிடங்குகளில் வைத்து, நவம்பர் வரை சிறுகச் சிறுக வெளியே அனுப்புகிறார்கள். மழைக்காலத்தில் கடைக்கு வருவதில் பெரும்பகுதி இந்தக் கிழங்குதான்.

பல மாதம் குளிரில் உறங்கிய கிழங்கு, மும்பையின் புழுக்கத்துக்கு வந்ததும் வியர்க்கிறது. விரைவில் முளை விடுகிறது. எனவே ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒரு வாரத்துக்குத் தேவையானதை மட்டும் வாங்குவதே லாபம்.

புதுக்கிழங்கு வரும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் சற்றுக் கூடுதலாக வாங்கலாம். அது இயல்பாகவே சில வாரங்கள் முளைக்காமல் இருக்கும். ஆனால் கட்டைவிரலால் தேய்த்துப் பார்க்க வேண்டும். தோல் உரிந்து வந்தால் அது முற்றாத கிழங்கு. நீண்ட நாள் தாங்காது.

எங்கே வைப்பது?

உருளைக்கிழங்குக்கு வேண்டியவை மூன்று: இருட்டு, காற்று, ஈரமின்மை. ஒற்றை அறைக் குடித்தனத்தில் கட்டிலின் அடிப்பகுதியே நல்ல இடம். நான்கு செங்கல் மேல் ஒரு பலகை வைத்து, அதன்மேல் மூங்கில் கூடையிலோ சணல் சாக்கிலோ கிழங்கைப் பரப்பி, பழைய செய்தித்தாளால் மூடலாம்.

தகரக் கூரையை ஒட்டிய பரண் கூடாது, வெப்பம் அதிகம். அடுப்பின் அருகும், தண்ணீர் புழங்கும் மோரியின் ஓரமும் கூடாது. பிளாஸ்டிக் பையைக் கட்டி வைத்தால் கிழங்கு விடும் ஈரம் உள்ளேயே தங்கி அழுகலை உண்டாக்கும்.

கடையில் வெங்காயமும் கிழங்கும் அருகருகே இருக்கலாம். வீட்டில் ஒரே கூடையில் போடக் கூடாது. கிழங்கின் ஈரத்தில் வெங்காயம் கெடும்.

கழுவி வைப்பதும் தவறு. மண்ணோடு அப்படியே வைத்து, சமைக்கும்போது கழுவினால் போதும். மழையில் நனைந்து வந்திருந்தால், நிழலில் உலர்த்திய பிறகே கூடையில் போட வேண்டும்.

பிரிட்ஜில் வைத்தால் முளைக்காது என்பது உண்மையே. ஆனால் அந்தக் குளிரில் கிழங்கின் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். பொரியல் இனிக்கும், எண்ணெயில் போட்டதும் கருகும்.

பச்சை கண்டால் எச்சரிக்கை

வெளிச்சம் பட்ட கிழங்கு பச்சை நிறமாகும். அந்த நிறத்தால் தீங்கில்லை. ஆனால் அதோடு சேர்ந்து சோலனின் போன்ற நச்சுப் பொருள்களும் பெருகுகின்றன. வேகவைத்தாலும் இவை போகாது. அளவு கூடினால் வாந்தி, வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு வரும்.

சிறிது பச்சையாக இருந்தால் அந்த இடத்தை ஆழமாகச் சீவி எறிய வேண்டும். பெரும்பகுதி பச்சையானாலோ கசந்தாலோ முழுக் கிழங்கையும் எறிவதே நல்லது. மருந்துச் செலவைவிட ஒரு கிழங்கின் விலை பெரிதல்ல.

கெட்டியான கிழங்கில் சிறு முளை இருந்தால் கண்ணோடு தோண்டி எடுத்துவிட்டுச் சமைக்கலாம். நீண்ட முளையோடு சுருங்கித் தளர்ந்ததை ஒதுக்கிவிட வேண்டும்.

வாரம் இருமுறை கூடையைக் கிளறிப் பார்ப்பது அவசியம். ஒரு கிழங்கு அழுகினால் அதன் நீர் பட்டு அடுத்ததும் அழுகும். பலர் சேர்ந்து சமைக்கும் அறைகளில், சமையல் முறை போடுவதுபோல் இதற்கும் ஆள் முறை போட்டுக்கொள்ளலாம். ஐந்து நிமிட வேலைதான். போட்ட பணம் வீணாகாது.